புள்ளி வைத்துக் கோடு வெட்டலாம்

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மரக்கடைப் பக்கம் போனால் 'சிஎன்சி டிசைன் வெட்டித் தரப்படும்' என்று எழுதிய பலகை எப்படியும் கண்ணில் படும். உள்ளே போனால் கட்டில் அகலத்துக்கு ஒரு மெஷின் பூஜை அறைக் கதவில் கஜலட்சுமியையோ, ஜன்னல் பலகையில் பூவேலையையோ வெட்டிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் அதன் முன்னால் நின்றவர்களுக்கு, இதே மாதிரி சின்னதாக ஒன்று வீட்டில் இருந்தால் எப்படியிருக்கும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

சின்னது இருக்கிறது. ஒரு நல்ல கைப்பேசி வாங்கும் காசுக்குக் கிடைக்கிறது. சாப்பாட்டு மேஜையின் பாதி இடம் போதும். ஆனால் ஆசையாக வாங்கியவர்களில் சிலர் இரண்டு மூன்று கட்டரை உடைத்துவிட்டு, மெஷினைத் துணி போட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். கணினி தெரியாததால் அல்ல. கணினி வேலை இதில் சுலபமான பகுதி. பலகையை அசையாமல் பிடிப்பதும், பூஜ்யத்தைச் சரியாக வைப்பதும்தான் வேலையில் முக்கால் பங்கு என்பதை அவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த முக்கால் பங்கைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் பெயர். ஊரில் லேத்து பட்டறையைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். லேத்தில் பொருள் சுற்றும், உளி ஓரமாக நின்று சீவும். மில்லிங்கில் அப்படியே மாறிவிடும்: கட்டர் சுற்றும், பொருள் சுற்றாது. கட்டரை இடம்–வலம், முன்–பின், மேல்–கீழ் என்று மூன்று திசையில் பொருளின்மேல் நகர்த்தினால் பள்ளம், துளை, எழுத்து, உருவம் எல்லாம் வரும். இந்த மூன்று திசைகளுக்கும் எக்ஸ், ஒய், இசட் என்று பெயர். கையால் சக்கரம் சுற்றி நகர்த்தினால் அது சாதாரண மில்லிங் மெஷின். எண்களைப் படித்து மோட்டார்கள் நகர்த்தினால் சிஎன்சி.

எண்ணைப் படித்து மெஷின் வேலை செய்வது புதிர் மாதிரித் தெரிந்தால், கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். பட்டு நெய்கிற தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியும், அதிலிருந்து சங்கிலியாகத் தொங்கும் துளையிட்ட அட்டைகளும் இருக்கும். துளை உள்ள இடத்தில் ஒரு இழை எழும், இல்லாத இடத்தில் எழாது. அட்டை வரிசையை மாற்றினால் முந்தானையில் அன்னம் போய் மயில் வந்துவிடும். அமெரிக்காவில் ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவைத் துல்லியமாக வெட்ட வழி தேடிய ஜான் பார்சன்ஸின் யோசனை, எம்ஐடி கல்விக்கூடத்தில் உருவம் பெற்று 1952-இல் ஒரு மில்லிங் மெஷினாக ஓடிக் காட்டப்பட்டபோது, அதற்கும் கட்டளை துளையிட்ட நாடாவில்தான் போனது. இன்று நாடாவின் இடத்தில் யுஎஸ்பி கம்பி இருக்கிறது. தறிக்காரருக்கு இந்த மெஷினைப் புரியவைப்பது ரொம்பச் சுலபம் என்பது என் அனுபவம்.

கோலமே வழித்தடம்

முதல் வேலையாக எதை வெட்டுவது? இணையத்தில் கிடைக்கிற சிங்க முகத்தையோ பிள்ளையாரையோ வெட்ட ஆசை வரும். அதை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு சிக்குக் கோலம் வெட்டுங்கள். இதைவிடப் பொருத்தமான முதல் பாடம் எனக்குத் தெரிந்து கிடையாது.

வாசலில் கோலம் போடுகிறவர் என்ன செய்கிறார்? முதலில் புள்ளி வைக்கிறார். புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி ஒரே அளவு. பிறகு ஒரு இடத்தில் கையை இறக்கி, புள்ளிகளைச் சுற்றி இழையை ஓட்டி, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிக்கிறார். இடையில் கையைத் தூக்குவதில்லை. மெஷினுக்கும் இதேதான்: புள்ளி என்பது எக்ஸ், ஒய் எண்கள், இழை என்பது கட்டர் போகும் வழித்தடம், கையைத் தூக்குவதும் இறக்குவதும் இசட். ஒரே இழைக் கோலத்தில் கட்டரை ஒரு தடவை இறக்கி ஒரு தடவை தூக்கினால் போதும். தப்பு நடக்க வாய்ப்புள்ள இடங்கள் அந்த இரண்டே. ஆனால் எல்லாச் சிக்குக் கோலமும் ஒரே இழையில் முடியாது. சிலவற்றில் இரண்டு மூன்று இழை தனித்தனியாக ஓடும். வீட்டில் கோலம் தெரிந்தவரிடம் கேட்டு, ஒரே இழையில் முடியும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இழை தன்னைத் தானே வெட்டிக்கொண்டு போகும் இடங்களில் கட்டர் ஏற்கெனவே வெட்டிய பள்ளத்தைத் தாண்டிப் போகும். அதனால் ஒன்றும் ஆகாது.

கோலத்தைக் கணினியோடு சேர்த்துப் பேசுவது என் கற்பனை அல்ல. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிரித்திவாசனும் சேர்ந்து, கோலத்தை வரிசை இலக்கணங்களாக எழுதிக் காட்டிய ஆய்வுக் கட்டுரையை 1974-இலேயே வெளியிட்டார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் சின்னக் கோலம் பெரிய கோலமாக வளரும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் கையால் செய்துவந்தார்கள். இவர்கள் அதைக் கணினி அறிவியலின் மொழியில் எழுதினார்கள். கணினிக்குப் படம் வரையச் சொல்லித்தருவது எப்படி என்று உலகமே யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. நம் வாசல் அந்தப் பேச்சில் இடம் பெற்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது.

அளவைப் பார்ப்போம். ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி. புள்ளிக்குப் புள்ளி 20 மி.மீ. நான்கு இடைவெளி 80 மி.மீ.; வெளிப்புள்ளிகளைச் சுற்றிவர இரண்டு பக்கமும் பத்துப் பத்து. மொத்தம் 100 மி.மீ. சதுரம். பலகையை 150 மி.மீ. சதுரமாக எடுத்துக்கொண்டால் நான்கு பக்கமும் 25 மி.மீ. மிச்சம் இருக்கும். கிளாம்பு போட அந்த இடம் வேண்டும்.

கோலத்தை இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் வரையலாம். வரைந்த கோட்டை வழித்தடமாக மாற்ற ஃப்ரீகேட் மாதிரி இன்னொன்று. அது கக்கும் கோப்பை வரிவரியாக மெஷினுக்கு அனுப்ப கேண்டில் அல்லது யுனிவர்சல் ஜிகோடு சென்டர். இவை எல்லாமே காசில்லாமல் கிடைப்பவை. கோப்பைத் திறந்து பார்த்தால் 'ஜி1 எக்ஸ்40 ஒய்20 எஃப்600' என்கிற மாதிரி வரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பயப்படாதீர்கள். ஜி1 என்றால் வெட்டிக்கொண்டே நேராகப் போ. எக்ஸ்40, ஒய்20 போய்ச் சேர வேண்டிய புள்ளி. எஃப்600 என்றால் நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகம். ஜி0 என்றால் வெட்டாமல் வேகமாகப் போ. எம்3 கட்டரைச் சுற்றவிடும், எம்5 நிறுத்தும். இவ்வளவு புரிந்தால் முதல் வருடத்துக்குப் போதும்.

வாங்குவதும் பூட்டுவதும்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வாங்குவது 3018 என்ற வகை. எண்ணே அளவைச் சொல்கிறது: 30 செ.மீ.க்கு 18 செ.மீ. உயரத்தில் நாலு செ.மீ. சொச்சம்தான் நகரும். கட்டரைப் பிடிக்கும் ஈஆர்11 கோலெட், சிறிய மின்மோட்டார், மூன்று ஸ்டெப்பர் மோட்டார், ஒரு கட்டுப்பாட்டுப் பலகை. அந்தப் பலகைக்குள் ஓடுவது பெரும்பாலும் ஜிஆர்பிஎல். நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-இல் எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்ட நிரல் அது. இவ்வளவு மலிவாக இந்த மெஷின் நம் கைக்கு வந்ததற்கு அந்த மனிதரின் தாராளம் ஒரு பெரிய காரணம்.

இதில் மரம், எம்டிஎஃப், மல்டிவுட், அக்ரிலிக் நன்றாக வெட்டலாம். பித்தளையில் மேலோட்டமாக எழுத்து பொறிக்கலாம். அலுமினியத்தை ஒரு தடவைக்கு மயிரிழை ஆழமாக, பொறுமையாக வெட்டலாம். இரும்பு வேண்டாம். இரும்பு வெட்ட வேண்டுமானால் மெஷினின் எடையே நூற்றுக்கணக்கான கிலோ இருக்க வேண்டும். எடைதான் அதிர்வைத் தின்னும். வாங்கும்போது ஓரம் பிளாஸ்டிக்காக உள்ளதையும் முழு அலுமினியமாக உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கையால் அசைத்துப் பாருங்கள். கட்டர் பிடிக்கும் தலையை விரலால் தள்ளினால் கண்ணுக்குத் தெரிகிற அளவு அசைந்தால், வெட்டும்போது அந்த அசைவு அப்படியே பலகையில் பதியும். கூடவே கிடைக்கிற லேசர் தலைக்கு மயங்க வேண்டாம். அதன் நீல ஒளி பட்டுத் தெறித்தால்கூடக் கண்ணுக்குக் கேடு. மல்டிவுட் மாதிரியான பிவிசி பலகையை அதில் எரித்தால் விஷவாயு வரும்.

பூட்டும்போது பட்டறைக்காரர்கள் 'ஆட்டம்' என்று சொல்வதைத் தேட வேண்டும். திருகுக் கம்பியில் நட்டு தளர்ந்திருந்தால், திசை மாறும்போது மோட்டார் கொஞ்சம் சுற்றியும் தலை நகராது. வட்டம் வரையச் சொன்னால் முட்டை வரும். மோட்டாரையும் கம்பியையும் இணைக்கும் இடத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. என் மெஷினில் முதல் மாதத்துச் சண்டை எல்லாம் அந்தத் திருகு தளர்ந்ததால் வந்தது. பிறகு மூலைமட்டம் வைத்து மூன்று திசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டெப்பர் மோட்டாரைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அது ஒரு சுற்றை 200 படியாகச் சுற்றும். அதை இயக்கும் சில்லு ஒவ்வொரு படியையும் 16-ஆகப் பிரித்தால் சுற்றுக்கு 3,200. திருகுக் கம்பி ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்தினால், ஒரு மி.மீ.க்கு 800 படி. ஜிஆர்பிஎல் அமைப்பில் இந்த 800 இருக்கும். தலையை 100 மி.மீ. போகச் சொல்லி அளந்து பாருங்கள். 50 அல்லது 200 போனால் கம்பியின் அளவையோ பிரிப்பையோ தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள். 99 போனால் எண்ணை மாற்ற அவசரப்படாமல் முதலில் ஆட்டத்தைத் தேடுங்கள். இந்த மோட்டார் கண்ணைக் கட்டிக்கொண்டு அடி எண்ணி நடக்கிறவர் மாதிரி. நடுவில் எதிலாவது முட்டி ஒரு அடி தவறினாலும் தவறியது அதற்குத் தெரியாது, எண்ணிக்கொண்டே போகும். அதற்குப் பிறகு வெட்டுவது எல்லாம் அந்த ஓரடி தள்ளித்தான் விழும்.

கட்டரை மாட்டுவதற்கு முன்னால் ஒரு பால்பாயின்ட் பேனாவை ரப்பர் வளையத்தால் தலையில் கட்டுங்கள். கீழே காகிதம் ஒட்டுங்கள். கோலத்தைக் காகிதத்தில் வரையவிடுங்கள். திசை தலைகீழாகப் போவது, அளவு பிசகுவது, தொடங்கிய இடத்தில் இழை வந்து சேராதது எல்லாமே காகிதத்தில் தெரிந்துவிடும். ஒரு பேனா போனால் ஐந்து ரூபாய். ஒரு வாரம் பேனாவோடு மட்டும் இருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். கேட்டவர்கள் பின்னால் நன்றி சொல்கிறார்கள்.

பிடித்தல், பூஜ்யம், ஆழம்

இனி மரம். முதலில் பலகையைப் பிடிப்பது. மெஷினின் படுகைமேல் தியாகப் பலகை ஒன்றைத் திருகி வைக்க வேண்டும்; கட்டர் தவறி ஆழம் போனால் அதில் போகட்டும். அதன்மேல்தான் வேலைப் பலகை. நான்கு மூலையிலும் கிளாம்பு. கிளாம்பை மிதமிஞ்சி முறுக்கினால் பலகை நடுவில் வில்லாக எழும்பும். மெல்லிய பலகைக்கு இன்னொரு வழி உண்டு: பலகையின் அடியிலும் தியாகப் பலகையின் மேலும் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டி, இரண்டு டேப்புக்கும் நடுவே ஃபெவிக்விக் இரண்டு சொட்டு. கிளாம்பே வேண்டாம். வேலை முடிந்ததும் டேப்போடு உரிந்து வந்துவிடும்.

கிளாம்பு போட்டால் கட்டர் அதைத் தாண்டும் உயரத்தைக் கணக்கில் வையுங்கள். ஜி0 கட்டளைக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாது, நேர்க்கோட்டில் பாயும். என் முதல் கட்டர் கிளாம்பின் போல்ட்டில் மோதித்தான் போனது. தூக்கும் உயரத்தை 2 மி.மீ. என்று வைத்திருந்தேன், போல்ட்டின் தலை 6 மி.மீ. நின்றது.

அடுத்தது பூஜ்யம். மெஷினுக்கு ஊர் தெரியாது. 'இதுதான் பூஜ்யம்' என்று நாம் காட்டுகிற இடத்திலிருந்துதான் எல்லா எண்ணும் தொடங்கும். கோலத்தின் நடுப்புள்ளியைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளலாம். பலகையில் மூலைக்கு மூலை பென்சிலால் கோடு போட்டால் நடு கிடைத்துவிடும். எக்ஸ், ஒய் இப்படி. இசட்டுக்குக் காகித முறை: கட்டர் முனைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு துண்டு காகிதத்தை வைத்து அசைத்துக்கொண்டே தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். காகிதம் பிடிபடும் கணத்தில் நிறுத்துங்கள். எழுதும் காகிதம் ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம். அந்த உயரத்தை 0.1 என்று மெஷினுக்குச் சொல்லிவிட்டால் பலகையின் மேற்பரப்பு சரியாகப் பூஜ்யம் ஆகிவிடும். காகிதத்தை அசைக்கும்போது கட்டர் சுற்றக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

கட்டரில் தட்டை முனை, உருண்டை முனை, கூர் முனை என்று மூன்று வகை போதும். கோலத்துக்குக் கூர் முனை உள்ள வி பிட் அழகு. அதில் ஒரு கணக்கு உண்டு, இதைக் கவனமாகப் படியுங்கள். 90 பாகை வி பிட் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதைப் போல் இரண்டு மடங்கு அகலத்துக்குக் கோடு விழும். 1 மி.மீ. ஆழத்துக்கு 2 மி.மீ. அகலம். இப்போது பலகையின் ஒரு மூலை அரை மி.மீ. தாழ்ந்திருக்கிறது என்று வையுங்கள். அங்கே ஆழம் பாதியாகும், கோட்டின் அகலமும் 1 மி.மீ. ஆகிவிடும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த கோலத்தைப் பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும். அரை மி.மீ. என்பது கையால் தடவினால்கூடத் தெரியாத கோணல்! அதனால்தான் அனுபவசாலிகள் வேலை தொடங்குமுன் தியாகப் பலகையை மெஷினாலேயே ஒரு தடவை மேலாகச் சீவிச் சமப்படுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சீவல் முடிந்ததும், மெஷினின் தலை போகும் தளமும் பலகை கிடக்கும் தளமும் ஒன்றாகிவிடும்.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. கட்டர் நிமிடத்துக்கு 8,000 சுற்று, அதில் இரண்டு பல், ஒவ்வொரு பல்லும் 0.04 மி.மீ. கடித்தால் நல்லது என்றால் 8,000 × 2 × 0.04 = 640. நிமிடத்துக்கு 640 மி.மீ. நகர வேண்டும். ஆழம் ஒரு தடவைக்கு அரை மி.மீ.யில் தொடங்குங்கள். ஆனால் உண்மையான ஆசிரியர் கண்ணும் காதும்தான். மரம் சின்னச் சின்னச் சீவலாக வந்தால் கட்டர் வெட்டுகிறது. மாவாக வந்தால், பள்ளத்தின் ஓரம் கருகினால், வெட்டாமல் தேய்க்கிறது: நகரும் வேகத்தைக் கூட்டுங்கள். மெதுவாகப் போனால் பத்திரம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். தேய்ந்து சூடாகிற கட்டர் சீக்கிரம் மழுங்கும், மரத்தைப் புகையவும் விடும். மெஷின் அலறினாலோ பலகை நடுங்கினாலோ ஆழத்தைக் குறையுங்கள். எம்டிஎஃப் மட்டும் எப்படி வெட்டினாலும் மாவாகத்தான் வரும்.

நம் மரம், நம் மழை, நம் கரன்ட்

எந்த மரம்? காவிரிப் படுகையில் வாய்க்கால் கரைக்குக் கரை நிற்கும் பூவரசு இதற்கு மிக நல்ல மரம். நார் நெருக்கம், சிம்பு எழும்பாது, கோட்டின் விளிம்பு கூர்மையாக நிற்கும். வீணைக்குப் போகும் பலா இன்னொன்று. மஞ்சள் நிறம் நாள்பட நாள்பட ஆழ்ந்து சிவக்கும். வீணைப் பட்டறைகளில் கழித்த துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள், கோலத்துக்கு அதுவே போதும். வேம்பின் நார் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஓடுவதால் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் பிய்த்துக்கொண்டும் வரும். தேக்கில் நுண்ணிய மணல்சத்து உண்டு. அழகாக வெட்டுப்படும், கட்டரைத் தின்றுவிடும்.

தென்னை தனிக் கதை. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்துப்போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். விழுந்த மரத்தில் கொஞ்சத்தைப் பலகையாக அறுத்துக் கொல்லையில் அடுக்கி வைத்த வீடுகள் உண்டு. அந்தப் பலகையில் கோலம் வெட்ட ஆசைப்படுவது நியாயமான ஆசை. தென்னையின் வெளிப்பக்கம் கருத்து வைரமாக இருக்கும், உள்பக்கம் சோற்றி. ஒரே பலகையில் இரண்டும் வந்தால் கட்டர் ஒரு இடத்தில் திணறும், அடுத்த இடத்தில் பிய்க்கும். வெளிப்பக்கத்துக் கருப்புப் பலகையாகப் பார்த்து எடுத்து, ஆழத்தைப் பாதியாக்கி, புதிய கட்டர் போட்டு வெட்டுங்கள். அந்தக் கருங்கோடுகளின் மேல் கோலம் விழுந்தால் பார்க்கப் பார்க்க அலுக்காது.

பச்சை மரம் வேண்டாம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் நிழலில் காய வேண்டும் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. சித்திரையில் சமமாக இருந்த பலகை ஐப்பசி அடைமழையில் கிண்ணமாக வளையும். மேலே சொன்ன அரை மி.மீ. கோணல் இங்கே தானாக வந்துவிடும். எம்டிஎஃப் தியாகப் பலகையும் ஈரம் குடித்து உப்பும். அதனால் மழைக்காலத்தில் ஒவ்வொரு வேலைக்கு முன்னும் மட்டம் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். திருகுக் கம்பிகளில் துரு ஏறாமலிருக்க தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, துணியால் துடைத்துவிட்டு. அப்பி வைத்தால் மரத்தூள் சேர்ந்து களிம்பாகிவிடும்.

கரன்ட் போனால் என்ன ஆகும்? மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், மெஷின் நின்றுவிடும். திரும்பக் கரன்ட் வந்ததும் மெஷினுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே நினைவிருக்காது. பலகையை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள். பூஜ்யத்தைத் திரும்ப அதே இடத்தில் வைக்க முடிந்தால் வேலையைக் காப்பாற்றலாம். இதற்காக நான் வேலை தொடங்குமுன் கோலத்துக்கு வெளியே பலகை மூலையில் மெஷினாலேயே ஒரு சின்னத் துளை போட்டு, அதன் எக்ஸ், ஒய் எண்ணைக் குறித்துவைக்கிறேன். கரன்ட் போனால் கட்டர் முனையை அந்தத் துளைக்குமேல் கொண்டுவந்து அந்த எண்ணைக் கொடுத்தால் போதும். இசட்டுக்கு மறுபடியும் காகிதம். பராமரிப்பு மின்தடை அறிவிப்பு நாளிதழில் வரும் நாளில் நீண்ட வேலையைத் தொடங்க வேண்டாம். சின்ன மெஷின் என்பதால் கணினிக்கு வைக்கும் யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும். மடிக்கணினி தானாகத் தூங்கிப்போகும் அமைப்பை அணைத்துவிடுங்கள். அதனால் பாழான பலகை ஒன்று என் வீட்டில் இருக்கிறது. வேலை நடுவே யுஎஸ்பி இணைப்பு அறுந்தால், வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உடம்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிப்படுத்திய பொருள். எம்டிஎஃப் தூளில் பசையும் சேர்ந்திருக்கிறது. என்95 முகக்கவசம், கண்ணாடி இரண்டும் போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். தூளை வாயால் ஊதாதீர்கள், வாக்குவம் வைத்து இழுங்கள். சுற்றும் கட்டர் பக்கம் கையுறை, தோளில் துண்டு, துப்பட்டா, தொங்கும் கூந்தல் எதுவும் வேண்டாம். மெஷின் ஓடும்போது பக்கத்திலேயே இருங்கள். மழுங்கிய கட்டர் ஓரிடத்தில் சிக்கிச் சுற்றினால் மரம் கனல ஆரம்பிக்கும்.

கோலத்துக்கு அடுத்து எல்லோரும் கேட்பது வீட்டுப் பெயர்ப்பலகை. தமிழ் எழுத்து இந்த மெஷினுக்கு ஒத்துவரும். வட்டக் கட்டர் உள்மூலையைக் கூர்மையாக வெட்டாது, ஓரத்தில் வளைவு விடும். நம் எழுத்தில் வளைவுகளே அதிகம் என்பதால் அது குறையாகத் தெரிவதில்லை. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ள ஓலைச்சுவடிகளில் எழுத்தாணி கீறிய கோடும் வி பிட் கீறும் கோடும் ஒரே ஜாதி. இடறும் இடம் வேறு. சில வெட்டு மென்பொருள்களில் 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி விழும். இங்க்ஸ்கேப்பில் எழுத்தை அடித்து, அதைக் கோட்டுருவாக மாற்றிவிட்டுக் கொண்டுபோனால் அது எழுத்தாக இல்லாமல் படமாகப் போகும், பிழை வராது. 'ண', 'ணை' மாதிரிச் சுழி நிறைந்த எழுத்தைச் சின்னதாக வெட்டினால் சுழிகள் ஒன்றாகிப் பள்ளமாகிவிடும். எழுத்தின் உயரம் 25 மி.மீ.க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடைவெளி எவ்வளவு விடுவது என்று தெரியாவிட்டால் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் அடித்தளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு வரிகளை நின்று பாருங்கள்.

கோலம் வெட்டி முடிந்ததா? வண்ணம் பூச அவசரப்படாதீர்கள். முதலில் சீலர் ஒரு கை அடித்துக் காயவிடுங்கள்; இல்லாவிட்டால் வண்ணம் நாருக்குள் ஓடிப் பரவிவிடும். பிறகு பள்ளத்தில் வெள்ளை அக்ரிலிக்கை நிரப்பி, வழிந்ததைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு நாள் விட்டு, மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்தால் மேலே உள்ள வெள்ளை போய்ப் பள்ளத்தில் உள்ளது மட்டும் நிற்கும். பலகையைத் திருப்பிப் பின்பக்கத்தில் மரத்தின் பெயர், கட்டரின் பாகை, ஆழம், வேகம், தேதி ஐந்தையும் பென்சிலால் எழுதிவையுங்கள். அடுத்த பலகைக்கு அதைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பீர்கள்.